பின்னச் சுருக்கமும் அடுக்குக்குறியும்

அட்சர கணிதம் பயிலும் மாணவரிடம் ஒரு பின்னத்தைக் கொடுத்து, "இதனைச் சுருக்குக" என்று கூறினால், அவர் கை முதலிற் செய்வது கோடு கிழித்தலே. பின்னக் கோட்டிற்கு மேலே ஓர் எழுத்தும் கீழே அதே எழுத்தும் காணப்படின், அவ்விரண்டையும் அடித்துவிட்டு, எஞ்சியவற்றை எழுதி விடையென நீட்டுகின்றார். பல வேளைகளில் விடை சரியாகவே அமைந்துவிடுகின்றது. அதனால் தாம் செய்த செயல் யாது என்று ஆராயும் அவசியமே அவருக்குத் தோன்றுவதில்லை. கல்லூரி வகுப்பிற்கு வந்து பௌதிகமும் நுண்கணிதமும் கற்கத் தொடங்கும்போதுதான் அவ்வாராய்ச்சியின்மை வெளிப்படுகின்றது. கணிதத்தில் பின்தங்கிய மாணவர் பலருடைய விடைத்தாள்களை நோக்கினால், அவர்கள் இடறி விழுந்த இடம் பெரிய தேற்றங்களில் அன்று, இந்தச் சிறிய கோடு கிழித்தலிலேயே என்பது புலனாகும். ஆதலின் அதனையே இக்கட்டுரையிற் சற்று விரிவாக நோக்குவோம்.

குறியீடு பற்றி ஒரு சொல். க, உ, ச முதலிய எழுத்துக்கள் தமிழில் எண்களாகவும் வழங்கியவை. அவற்றை விடுத்து, த, ந என்னும் எழுத்துக்களை அறியா எண்களுக்கும், ம, ல என்பவற்றை அடுக்குக்குறிகளுக்கும் கொள்வோம். பின்னக் கோட்டின் மேலுள்ளதைத் தொகுதி என்றும், கீழுள்ளதைப் பகுதி என்றும் வழங்குவோம்.

இனி, இவ்விரண்டு பின்னங்களையும் நோக்குக.

த⁵ / த²

(த³ + த²) / த²

முதலாவதில் மேலும் கீழும் த² அளவை அடித்து, த³ என்று எழுதுதல் தகும். இரண்டாவதிலும் மேலே த² தோன்றுகின்றது. கீழேயும் த² தோன்றுகின்றது. இரண்டையும் அடித்துவிட்டு, இங்கும் த³ என்றே எழுதும் மாணவர் உளர். த என்பதற்கு 2 என்னும் மதிப்பை இட்டுப் பார்ப்போம். தொகுதி 8 + 4, அதாவது 12, பகுதி 4, ஆகவே பின்னத்தின் மதிப்பு 3. மாணவர் விடையாகிய த³ தருவதோ 8. எட்டும் மூன்றும் ஒன்றாதல் எங்ஙனம்?

பிழை எங்கே நேர்ந்தது என்பதை அறியச் சுருக்குதல் இன்னதென முதலில் அறிதல் வேண்டும். ஒரு பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் வகுத்தால் பின்னத்தின் மதிப்பு மாறாது. சுருக்குதலுக்கு உள்ள ஆதாரம் இது ஒன்றே. வேறு ஆதாரம் யாதும் இல்லை. கோடு கிழித்தல் என்பது வகுத்தலுக்கு நாம் இட்டுக்கொண்ட ஓர் அடையாளம். முதற் பின்னத்தில் தொகுதி முழுவதையும் த² வகுக்கின்றது. இரண்டாவதில் தொகுதி இரண்டு உறுப்புக்களின் கூட்டுத்தொகை. அதனை த² கொண்டு வகுத்தால் இரண்டு உறுப்புக்களையும் வகுத்தாக வேண்டும். த³ என்பது த ஆகும். த² என்பது 1 ஆகும். விடை த + 1. இரண்டை இட்டால் மூன்று வருகின்றது. பெருக்கலால் இணைந்து நிற்கும் காரணியை அடிக்கலாம். கூட்டலால் இணைந்து நிற்கும் உறுப்பைத் தனியே அடித்தல் ஆகாது. அடிப்பதற்கு முன் தொகுதியைக் காரணிகளாகப் பிரித்து, த²(த + 1) என்று எழுதிக்கொள்ளும் வழக்கமுடையார் இப்பிழையிற் சிக்குவதில்லை.

அடுத்து அடுக்குக்குறியின் இயல்பை நோக்குவோம். த⁵ என்பது த என்னும் எண்ணை ஐந்து முறை எழுதிப் பெருக்கியதன் சுருக்கெழுத்து. அடுக்கு என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. இலக்கணத்தில் அடுக்குத்தொடர் பயின்றிருக்கின்றனர். பாம்பைக் கண்டு அஞ்சியவன் ஒரு சொல்லையே இரண்டு மூன்று முறை அடுக்கிச் சொல்லுகின்றான். ஒரு சொல் நான்கு முறை வரையில் அடுக்கலாம் என நன்னூலார் எல்லை வகுத்தார். எண் அடுக்குவதற்கு அத்தகைய எல்லை இல்லை. நூறு முறை அடுக்கினும் தலைமேல் 100 என்று ஒரு சிறு எண்ணை எழுதினால் அமையும்.

இச்சிறு எண்ணைத் தலைமேல் எழுதும் வழக்கம், இன்று நாம் எழுதும் வடிவில், பிரெஞ்சு அறிஞர் டேகார்ட் 1637-ல் வெளியிட்ட ஜியோமெட்ரி என்னும் நூலினால் நிலைபெற்றது. அவரும் இரண்டாம் அடுக்கை மட்டும் பெரும்பாலும் எழுத்தை இருமுறை எழுதியே குறித்தார். அதற்கு முன்னர் ஒவ்வோர் அடுக்கிற்கும் ஒவ்வொரு பெயர் வழங்கிற்று. வேல்ஸ் நாட்டு ராபர்ட் ரெக்கார்ட் என்பார், சமக்குறியை முதன்முதல் அச்சிற் கொணர்ந்த தம் 1557-ஆம் ஆண்டு நூலில், எட்டாம் அடுக்கிற்கு ஜென்சிஜென்சிஜென்சிக் என்று பெயர் தந்திருக்கின்றார். அப்பெயரை மனனம் செய்ய நேர்ந்த அக்காலத்து மாணவர்க்காக நாம் இரங்குகின்றோம்.

நம் நாட்டுக் கணித நூல்கள் வர்க்கம், கனம் என்னும் இரு சொற்களைக் கொண்டே மேலுள்ள அடுக்குக்களுக்குப் பெயர் அமைத்தன. அவ்வமைப்பு மிகவும் நுட்பமானது. நம் மாணவர் அனைவரும் அறியத்தக்கது. நான்காம் அடுக்கு வர்க்கவர்க்கம். அதாவது வர்க்கத்தின் வர்க்கம். ஆறாம் அடுக்கு கனவர்க்கம், கனத்தின் வர்க்கம். இவற்றில் இரண்டும் இரண்டும் பெருக நான்கு, மூன்றும் இரண்டும் பெருக ஆறு. ஆனால் ஐந்து என்பது இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் வருவதன்று, கூட்டினால் வருவது. அதற்கு அவர்கள் வர்க்ககனகாதம் என்று பெயரிட்டனர். காதம் என்பது ஈண்டு வழித்தொலைவைக் குறிக்கும் காதம் அன்று. பெருக்கிவந்த பயன் என்னும் பொருளுடைய வடசொல். வர்க்கத்தையும் கனத்தையும் ஒன்றோடொன்று பெருக்கியது என்பது அப்பெயரின் பொருள். அச்சொல் வந்தால் அடுக்குக்களைக் கூட்டுக, வாராவிடின் பெருக்குக. இன்றைய குறியீட்டில் இவ்வேற்றுமை இவ்வாறு தோன்றும்.

த² × த³ = த⁵

(த³)² = த⁶

முதலாவதில் இரண்டு த-க்களும் மூன்று த-க்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன, எண்ணினால் ஐந்து. இரண்டாவதில் மும்மூன்று த-க்கள் கொண்ட வரிசைகள் இரண்டு, எண்ணினால் ஆறு. "எப்போது கூட்டுவது, எப்போது பெருக்குவது என்பது மறந்துபோகின்றது" என்று முறையிடும் மாணவர் எப்போதும் உளர். விதியை மறந்தவர் வரிசையை எழுதி எண்ணிப் பார்க்கட்டும். எண்ணத் தெரிந்தவர்க்கு மறதியால் வரும் கேடு இல்லை.

வகுத்தலும் அவ்வாறே. ஐந்து த-க்கள் மேலும் இரண்டு கீழும் இருப்பின், மேலும் கீழுமாக இரண்டு இணைகள் நீங்கும். மேலே மூன்று எஞ்சும். 5 − 2 = 3. இரண்டு மேலும் ஐந்து கீழும் இருப்பின், நீங்கியபின் கீழே மூன்று எஞ்சும். விடை 1 / த³. பழைய பாடநூல்கள் சில இதனை இரண்டு விதிகளாக எழுதின: மேலடுக்கு பெரிதாயின் ஒன்று, கீழடுக்கு பெரிதாயின் மற்றொன்று. விதிகள் பெருகப் பெருக நினைவின் சுமையும் பெருகும். ஒரே விதியாக, "மேலடுக்கிலிருந்து கீழடுக்கைக் கழிக்க" என்று மட்டும் வைத்துக்கொண்டால் என்ன நேரும்? 2 − 5 என்பது −3. ஆகவே த⁻³ என்று எழுத வேண்டிவரும். த-வை "கழித்தல் மூன்று முறை" எழுதிப் பெருக்குதல் என்பதற்குப் பொருளில்லை. ஆயினும் அவ்விடத்தில் உண்மையான விடை 1 / த³ என்பது நமக்கு முன்னரே தெரியும். ஆதலின் த⁻³ என்னும் குறிக்கு அதனையே பொருளாகக் கொள்வோமாயின், விதி ஒன்றே எல்லா இடத்தும் செல்லும். அதுபோன்றே த³ / த³ என்பது ஒன்று. விதியின்படி அது த⁰. எனவே த⁰ என்பதற்கு 1 என்று பொருள் கொள்ளுகின்றோம்.

இவ்விடத்தை மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். "எந்த எண்ணின் பூச்சிய அடுக்கும் ஒன்று என்பது எவ்வாறு? பூச்சிய முறை பெருக்கினால் பூச்சியம் அன்றோ வரவேண்டும்?" என்று வகுப்பில் வினவுவோர் உண்டு. நல்ல வினா அது; அதனை அடக்கிவிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. அது நிறுவப்பட்ட உண்மை என்பதினும், விதி முறியாது செல்லும்பொருட்டு நாம் இட்டுக்கொண்ட வரையறை என்பதே தக்க மறுமொழி. வேறு எந்தப் பொருளைக் கொண்டாலும் விதி அவ்விடத்தில் முறிந்துபோம்.

எண்களை வரிசையாக அமைத்தால் இவ்வரையறை எத்துணை இயல்பானது என்பது விளங்கும். ஜெர்மானியப் போதகர் மைக்கேல் ஸ்டீஃபெல் என்பார் 1544-ல் நியூரம்பர்க் நகரில் அச்சிட்ட அரித்மெட்டிக்கா இன்டெக்ரா என்னும் நூலில் அத்தகைய வரிசை ஒன்று உண்டு. மேல் வரியில் −3, −2, −1, 0, 1, 2, 3 என்றும், அவற்றின் நேர்கீழே 1/8, 1/4, 1/2, 1, 2, 4, 8 என்றும் அவர் எழுதினார். கீழ்வரியில் வலப்புறம் செல்ல ஒவ்வோர் எண்ணும் இரட்டிக்கின்றது. இடப்புறம் வரப் பாதியாகின்றது. இரண்டின் பாதி ஒன்று; அதற்கு நேர்மேலே பூச்சியம் நிற்கின்றது. ஒன்றின் பாதி அரை; அதற்கு நேர்மேலே −1. இப்போதகர் விவிலிய எழுத்துக்களை எண்களாக்கிக் கூட்டி, உலகம் 1533-ஆம் ஆண்டு அக்டோபரில் முடியும் என்று நாள் குறித்து உரைத்தவர். அந்நாள் கழிந்தது, உலகம் முடியவில்லை. அதன்பின் பதினோராண்டு சென்று அவர் வெளியிட்ட இந்த எண்வரிசையோ இன்றும் பிழையின்றி நிற்கின்றது.

தமிழர் இவ்விடப்புற வரிசைக்குப் பெயர்களே இட்டு வழங்கினர். அரை, கால், அரைக்கால், வீசம் என்பன முறையே 1/2, 1/4, 1/8, 1/16. இவை இரண்டின் −1, −2, −3, −4 ஆம் அடுக்குக்கள் அல்லவோ? வீசத்திற்கு மாகாணி என்றும் பெயர். மாவும் காணியும் சேர்ந்தது. மா என்பது 1/20, காணி 1/80, கூட்டினால் 5/80, அதாவது 1/16. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய சிறுவர் இப்பின்னங்களின் பெருக்கலையும் கூட்டலையும் பாட்டாக நெட்டுருச் செய்தனர். நெட்டுருச் செய்தவற்றை அடுக்குக்குறியால் ஒருமுறை எழுதிப் பார்ப்போம்.

மா = 1/20 = 2⁻² × 5⁻¹

காணி = 1/80 = 2⁻⁴ × 5⁻¹

அரைக்காணி = 1/160 = 2⁻⁵ × 5⁻¹

முந்திரி = 1/320 = 2⁻⁶ × 5⁻¹

ஒரு மாவில் எத்தனை முந்திரி அடங்கும்? மாவை முந்திரியால் வகுக்க வேண்டும். இரண்டின் அடுக்கு −2 − (−6), அதாவது 4. ஐந்தின் அடுக்கு −1 − (−1), அதாவது 0. விடை 2⁴ × 5⁰, பதினாறு. கழிக்கப்படும் எண்ணே கழித்தற்குறி உடையதாயின் அது கூட்டலாக மாறும் என்பதனை இவ்விடத்தில் மறப்பவர் பலர். −2 − 6 என்று எழுதி, −8 என்னும் அடுக்கைப் பெற்று, பெரிய மாவிற்குள் சிறிய முந்திரி ஒன்றுகூட அடங்காது என்ற முடிவிற்கு வருவர். விடை பொருந்துமா என்று ஒரு கணம் எண்ணினால் போதும், அப்பிழை தானே தெரிந்துவிடும்.

முந்திரியினும் சிறியது கீழ்முந்திரி. ஒரு முந்திரியை 320 கூறாக்கினால் ஒரு கூறு கீழ்முந்திரி. அஃதாவது முந்திரியின் வர்க்கம்.

(2⁻⁶ × 5⁻¹)² = 2⁻¹² × 5⁻² = 1/102400

4096-ஐ 25-ஆற் பெருக்கினால் 102400 வருதல் காண்க. இங்கு மற்றொரு விதி தோன்றுகின்றது. அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் அடுக்கு, உள்ளே பெருக்கலால் இணைந்த ஒவ்வொரு காரணியையும் சென்று சேரும். ஒன்றையும் விடலாகாது. (2த³)⁴ என்பதனை 2த¹² என்று எழுதுவோர், எழுத்திற்கு மட்டும் அடுக்கைத் தந்து எண்ணை மறந்தவர். சரியான விடை 16த¹². இதற்கு மறுதலையாக, அடைப்பு இல்லாதவிடத்து அடுக்கு தன் கீழ் நிற்கும் ஒன்றனையே சேரும். −த² என்பதில் வர்க்கமாவது த மட்டுமே. (−த)² என்பதில் குறியும் உடன்சேர்ந்து வர்க்கமாகின்றது. த என்பதற்கு 3 இட்டால் முன்னது −9, பின்னது 9.

பத்தின் அடுக்குக்களைப் பற்றி நெடிது கூற வேண்டியதில்லை. பௌதிக ஆய்வுக்கூடத்தில் அவை நாள்தோறும் கையாளப்படுவன. சூரியன் நமக்கு ஏறத்தாழ 1.5 × 10¹¹ மீட்டர் தொலைவில் உள்ளது. ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீட்டர் செல்லும். முன்னதைப் பின்னதால் வகுக்க 0.5 × 10³, அதாவது 500 வினாடி. எட்டு நிமிடம் இருபது வினாடி. புரோட்டானின் நிறை 1.67 × 10⁻²⁷ கிலோகிராம். எலெக்ட்ரானின் நிறை 9.11 × 10⁻³¹ கிலோகிராம். −27 − (−31) என்பது 4. ஆகவே முன்னது பின்னதைப்போல் 1,800 மடங்கிற்குச் சற்று மிகுதியாகும். முப்பது பூச்சியங்களை எழுதி எண்ணிக்கொண்டிருத்தலை இச்சிறு கழித்தல் நமக்கு மிச்சமாக்கிவிடுகின்றது.

இனி முழுக் கணக்கு ஒன்றைச் செய்வோம்.

(3த²ந⁻¹)³ / (9த⁻¹ந²)²

அவசரப்பட்டு எதனையும் அடிக்கலாகாது. மேலுள்ள 3-ஐயும் கீழுள்ள 9-ஐயும் அடைப்பிற்குள் இருக்கும்போதே அடித்து, கீழே 3 என்று எழுதுவோர் உளர். அவ்வடைப்புக்களின் தலைமேல் வெவ்வேறு அடுக்குக்கள் நிற்றலை அவர் காணவில்லை. முதலில் அடைப்புக்களை நீக்குக. தொகுதி 27த⁶ந⁻³. பகுதி 81த⁻²ந⁴. இப்போது எண்ணை எண்ணாலும், ஒவ்வோர் எழுத்தையும் அதே எழுத்தாலும் வகுக்க. 27 / 81 என்பது 1/3. த-வின் அடுக்கு 6 − (−2) = 8. ந-வின் அடுக்கு −3 − 4 = −7. ஆகவே விடை:

த⁸ / 3ந⁷

விடை சரியா என்று அறிவதற்குப் பிறரை நாட வேண்டியதில்லை. த = 2, ந = 3 என்று இடுக. தொகுதியின் அடைப்பிற்குள் 3 × 4 / 3, அதாவது 4. அதன் கனம் 64. பகுதியின் அடைப்பிற்குள் 9 × 1/2 × 9, அதாவது 81/2; அதன் வர்க்கம் 6561/4. ஒன்றை மற்றொன்றால் வகுக்க 256/6561. நம் விடையோ 2⁸ / (3 × 3⁷), அதுவும் 256/6561. இரண்டும் ஒத்தன. இச்சோதனைக்கு 1 என்னும் எண்ணை மட்டும் கொள்ளலாகாது. அதன் அடுக்கு அனைத்தும் ஒன்றேயாதலின், அடுக்கிற் செய்த பிழை எதனையும் அது காட்டிக்கொடாது. இரண்டு எழுத்துக்களுக்கு ஒரே மதிப்பை இடுதலும் நன்றன்று.

கழித்தற்குறி உடைய அடுக்கினைப் பற்றி, "கோட்டைக் கடந்தால் குறி மாறும்" என்று ஒரு வாய்பாடு மாணவரிடையே வழங்குகின்றது. மேலிருக்கும் த⁻³ கீழே சென்றால் த³ ஆகும் என்பது கருத்து. தொகுதி முழுவதற்கும் காரணியாயின் அது மெய்யே. காரணியாகாது, கூட்டுத்தொகையில் ஓர் உறுப்பாக நின்றால் அவ்வாய்பாடு பொய்க்கும். ஓர் உதாரணம் கூறுவோம்.

(த⁻¹ + ந⁻¹)⁻¹

வெளியே நிற்கும் −1 உள்ளே சென்று, −1 × −1 = 1 ஆகி, விடை த + ந என்று எழுதுவோர் மிகப் பலர். பெருக்கலுக்கு உரிய விதியைக் கூட்டலின்மேல் ஏற்றியதால் வந்த பிழை அது. உள்ளே நிற்பது 1/த + 1/ந; ஒரே பகுதியாக்கினால் (த + ந) / தந. அதன் தலைகீழ் தந / (த + ந). அதுவே விடை.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. 2 ஓம், 3 ஓம் மின்தடை உடைய இரண்டு கம்பிகளைப் பக்க இணைப்பாக இணைத்தால் வரும் மொத்தத் தடையைத் தருவது இக்கோவையே. சரியான விடை 6/5 ஓம். தனித்தனித் தடை இரண்டினும் குறைவு. மின்சாரம் செல்வதற்கு வழி இரண்டாயினமையின் தடை குறைதல் இயல்பே. பிழையான விடையோ 5 ஓம். அது தொடரிணைப்பிற்கு உரியது. தாளில் ஓர் அடுக்கைத் தவறாகப் பரப்பியவர், தம்மை அறியாமலே மின்சுற்றினை மாற்றி இணைத்துவிட்டார்.

பின்ன அடுக்குக்களையும் இவ்வாறே ஆராயலாம். த-வின் அரை அடுக்கை அதனாலேயே பெருக்கினால், அரையும் அரையும் கூட ஒன்றாகி, த வருதல் வேண்டும். ஆகவே அரை அடுக்கு வர்க்கமூலமாகின்றது. நியூட்டன் 1676-ல் எழுதிய ஒரு கடிதத்தில் பின்ன அடுக்குக்களையும் கழித்தற்குறி அடுக்குக்களையும் நாம் இன்று எழுதுமாறே எழுதிக் கையாண்டார். அவற்றை விரித்தால் ஏடு பெருகும், விடுத்துச் செல்கின்றோம்.

விடுத்துச் செல்லலாகாத பொருள் ஒன்று உண்டு. த⁵ / த² = த³ என்று எழுதினோம். த என்பது பூச்சியமாயின்? வலப்புறம் பூச்சியம். இடப்புறமோ பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தல். அதற்கு மதிப்பே இல்லை. ஆகவே சமக்குறியின் இருபுறமும் எல்லா இடத்தும் சமம் அல்ல; த பூச்சியம் ஆகாதவிடத்து மட்டுமே சமம். சுருக்கும்போது நாம் வகுத்த எண் பூச்சியம் அன்று என்னும் உறுதிமொழி ஒவ்வொரு கோட்டிலும் மறைந்து நிற்கின்றது. அதனை மறந்தால் வரும் விபரீதத்தைப் பாருங்கள். த = ந என்று கொள்வோம். இருபுறமும் த-வாற் பெருக்கி ந² கழித்தால் த² − ந² = தந − ந². காரணியாக்கினால்:

(த + ந)(த − ந) = ந(த − ந)

இருபுறமும் (த − ந) என்பதனை அடித்தால் த + ந = ந. இரண்டும் சமமாதலால் 2ந = ந; 2 = 1. ஒவ்வொரு படியும் செவ்வனே தோன்றுகின்றது. ஆயினும் அடிக்கப்பட்ட (த − ந) பூச்சியம். அடிக்கும் உரிமை அங்கு நமக்கில்லை.

பூச்சியத்தால் வகுத்தல் பண்டை அறிஞரையும் மயக்கிய பொருளே. பிரமகுப்தர் 628-ல் இயற்றிய தம் நூலில் பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கப் பூச்சியமே வரும் என்றார். பாஸ்கராசாரியர் 1150-ல், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்து வருவதற்குக் கஹரம் என்று பெயரிட்டு, அதனோடு எதனைக் கூட்டினும் கழிப்பினும் அது மாறாது என்றார். எல்லையின்மையைப் பற்றிய ஆழ்ந்த எண்ணம் அது; எனினும் அதனை எண்ணாகக் கொண்டு பெருக்கவும் அடிக்கவும் புகுந்தால் மேற்கண்ட 2 = 1 போன்றவை தோன்றும். ஆதலின் இன்றைய கணிதம் அவ்வகுத்தலையே விலக்கி வைத்தது.

இவ்விலக்கு மிகச் சிறிய செய்தியென எண்ணற்க. நுண்கணிதத்தின் முதற் பாடத்தில் மாணவர் செய்யும் சுருக்கம் இது.

((த + ர)³ − த³) / ர

தொகுதியை விரித்தால் 3த²ர + 3தர² + ர³. மூன்று உறுப்புக்கும் ர பொதுக்காரணி, ஆதலால் அடிக்கலாம். விடை 3த² + 3தர + ர². பின்னர் ர-வைப் பூச்சியமாக்கினால் 3த² எஞ்சுகின்றது; கனத்தின் வகைக்கெழு அது. அடிக்கும்போது ர பூச்சியம் அன்று எனக் கொண்டோம். அடித்து முடித்த மறுகணமே அது பூச்சியம் என்கின்றோம். ஒரே எண் இரண்டு விதமாக இருத்தல் யாங்ஙனம்? இவ்வினாவை எழுப்பியவர் ஜார்ஜ் பார்க்ளி. அயர்லாந்தில் குளோயின் நகரத்து அத்தியட்சராக அவர் அமர்ந்த 1734-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த தி அனலிஸ்ட் என்னும் நூலில், நியூட்டன் வழியினரை நோக்கி அவர் இதனைக் கேட்டார். கணித வல்லுநர் பலர் சினந்து மறுப்பெழுதினர். ஆயினும் வினாவிற்கு நேரான விடையை அவர்கள் கூறினாரில்லை. விடை தெளிவுபெற ஒரு நூற்றாண்டளவு சென்றது. பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1821-ல் வெளியிட்ட பாடநூலில் எல்லை என்னும் கருத்தை அடிப்படையாக வைத்தார். ர-வை ஒருபோதும் பூச்சியமாக்குவதில்லை. பூச்சியத்தை நெருங்க விட்டு, கோவை எதனை நெருங்குகின்றது என்று மட்டும் நோக்குகின்றோம். அவ்வாறு நோக்குமிடத்து ர பூச்சியம் அன்று என்னும் உறுதிமொழி இறுதிவரையிற் காக்கப்படுகின்றது. கோடு கிழித்ததும் தகும்.

பயில விரும்புவோர்க்கு நான்கு கணக்குக்கள் தருகின்றோம். விடைகளை இறுதியில் காண்க. ஆயினும் முதலில் தாமே செய்து, மேற்கூறியவாறு எண்களை இட்டுச் சோதித்தபின் பார்த்தல் நன்று.

1. (8த⁶ந²) / (12த²ந⁵) என்பதனைச் சுருக்குக.

2. (2த⁻²ந)³ / (4தந⁻¹)² என்பதனைக் கழித்தற்குறி அடுக்கின்றி எழுதுக.

3. (த⁻² − ந⁻²) / (த⁻¹ − ந⁻¹) என்பதனைச் சுருக்குக. எவ்விடத்து இச்சுருக்கம் செல்லாது என்றும் கூறுக.

4. ஒரு காணியில் எத்தனை கீழ்முந்திரி அடங்கும்?

விடைகள்: முதலாவது, 2த⁴ / 3ந³. இரண்டாவது, ந⁵ / 2த⁸. மூன்றாவது, (த + ந) / தந. த-வும் ந-வும் சமமாயின் செல்லாது, இரண்டில் ஒன்று பூச்சியமாயினும் செல்லாது. நான்காவது, 2⁸ × 5, அதாவது 1280.